யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ: எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கொக்குவிலில் இருக்கும் 68 வயது அம்மா ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் முதல் தடவையாகத் தனியாகப் போகிறார். மகன் இணையத்தில் தேடியிருக்கிறார். கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோவுக்கு 14,000 என்று ஒரு தளம் சொல்கிறது, 8,700 என்று இன்னொன்று, 7,560 என்று மூன்றாவது. பறக்கும் நேரம் 17 மணித்தியாலம் 54 நிமிடமாம். ஆனால் டுபாய் வழியாகப் போட்ட டிக்கெட்டில் இரவு 10 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9.30க்கு இறங்குவதாக இருக்கிறது, அப்படியென்றால் பதினொன்றரை மணித்தியாலம்தானே? இதில் எது சரி, யாழ்ப்பாணத்தின் சொந்த விமான நிலையமான பலாலியால் போனால் தூரம் குறையுமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, யாழ்ப்பாணத்தில் டிக்கெட் போடும் வேலையில் இருபது வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் பார்த்த எண்களில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அம்மாவின் பயணத்துக்கு அவற்றால் பெரிய பயனும் இல்லை.

முதலில் அந்த மூன்று எண்கள். மூன்றும் ஒரே தூரம்தான். கிலோமீற்றரில் ஏறத்தாழ 14,000, சாதாரண மைலில் 8,700, விமானிகளும் கப்பல்காரரும் பாவிக்கும் கடல் மைலில் 7,560. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், தரை மைல் 1.609. எந்த மைல் என்று எழுதாமல் விடுகிற தளங்களால் வருகிற குழப்பம் இது. இதற்கு மேல் இருபது முப்பது கிலோமீற்றர் கூடக் குறைய இருந்தால் விட்டுவிடுங்கள். சிலர் பூமியை முழு உருண்டையாக எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள், சிலர் துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இந்த 14,000 எந்தப் பாதையில் அளந்தது என்பதுதான் சுவாரசியமான விஷயம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இலங்கையையும் ரொறன்ரோவையும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால் அது அரேபியா, சகாரா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும். அது குறுக்குவழி இல்லை, நல்ல சுற்றுவழி. ஒரு தோடம்பழத்தை எடுத்து, காம்பை வட துருவமாக வைத்து, இலங்கைக்கு ஒன்று ரொறன்ரோவுக்கு ஒன்று என்று இரண்டு ஊசி குத்தி, நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே மேலே, காம்புப் பக்கமாக ஏறும். யாழ்ப்பாணம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் இருக்கிறது, ரொறன்ரோ மேற்கு 80 பாகைக்குக் கிட்ட. அதாவது உலகத்தின் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத்துக்குப் போவதற்கு வட துருவத்தை ஒட்டிப் போவதுதான் கிட்ட. கட்டுநாயக்காவிலிருந்து அந்த நூல் இந்தியாவுக்கு மேலால் ராஜஸ்தான் போய், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான் கடந்து, ரஷ்யாவில் கிரோவ், ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கமாக ஏறி, நோர்வேயின் வட முனை, கிறீன்லாந்து எல்லாம் தாண்டித்தான் கியூபெக்குக்குள் இறங்கும். ஆக உயரத்தில் 72 பாகை வட அகலக்கோட்டைத் தொடுகிறது. யாழ் ரவுணில் நின்று ரொறன்ரோ எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால், மாதகலுக்கும் கீரிமலைக்கும் நடுவே கையைக் காட்டுங்கள், சரியாக இருக்கும். நேர் மேற்கே காட்டுபவர்கள்தான் அதிகம்.

சரி, இந்தக் கோட்டில் யார் பறக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. இலங்கையிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானம் கிடையாது. விமானத்தால் முடியாது என்பதல்ல காரணம். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை ஒரே மூச்சில் பறக்கிறார்கள், பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. ஆனால் அதற்கென்று எரிபொருள் கூடக் கொள்ளும்படி செய்த விமானம் வேண்டும், நல்ல விலை கொடுக்கும் பயணிகளும் வேண்டும். கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் மட்டும் நிரம்பி, மற்ற மாதங்களில் பாதி காலியாகப் பறக்கிற ஒரு விமானத்தை எந்தக் கம்பனியும் ஓட்டாது. அதோடு ரஷ்ய வான்பரப்பு 2022 தொடக்கத்திலிருந்து கனடா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், பிரித்தானியா ஆகியவற்றின் விமானங்களுக்குப் பூட்டு. ஆகவே தோடம்பழ நூல் தோடம்பழத்தோடு நிற்கிறது.

அப்படியானால் 17 மணித்தியாலம் 54 நிமிடம் எங்கிருந்து வந்தது? மிகச் சுலபம். தூரம் அளக்கும் தளங்களில் பல, மணிக்கு 500 மைல் வேகம் என்று வைத்துத் தூரத்தைப் பிரித்து, ஏறி இறங்குவதற்கு என்று ஒரு அரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடுகின்றன. 8,700ஐ 500ஆல் பிரித்தால் 17.4, அரையைக் கூட்டுங்கள், வந்துவிட்டது. இல்லாத ஒரு விமானத்துக்கு நிமிடம் வரை நேரம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இதே கணக்கைப் பலாலி - சென்னைக்குப் போட்டால் 355 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம்கூட வராது. உண்மையில் அங்கே பறப்பது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும் ஏரிஆர் விசிறி விமானம், டிக்கெட்டில் ஒன்றேகால் மணித்தியாலமோ அதற்குக் கொஞ்சம் மேலோ போட்டிருப்பார்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறுபக்கத்தில் வாசலில் வந்து நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், இறங்க இடம் கிடைக்கும் வரை வானத்தில் வட்டமடிப்பதும் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இனி என்னிடம் ஆக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: டுபாய் கிட்டவா, கட்டார் கிட்டவா, லண்டன் கிட்டவா? நான் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். டுபாய் வழி 3,290உம் 11,080உம், மொத்தம் 14,370. கட்டார் வழி 14,490. லண்டன் வழி 14,420. நேர்க்கோடு 14,000. அதாவது எந்த வழியால் போனாலும் கூடுதலாக 500 கிலோமீற்றருக்கு உட்பட்டதுதான், விமானத்துக்கு அது அரை மணித்தியாலம். “லண்டனாலை போனால் சுத்து” என்று சொல்லி முந்நூறு டொலர் கூடக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன், அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் நம்பமாட்டார்கள். படத்தில் பார்த்தால் சுற்றாகத்தான் தெரியும், அதுதான் வினை.

தூரத்தை விடக் காற்றுக்குப் பலம் அதிகம். விமானங்கள் பறக்கும் உயரத்தில், நடு அகலக்கோடுகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது, மாரியில் இன்னும் உரமாக. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணித்தியாலம் அளவில் எடுக்கும் விமானம் திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலமாவது முந்தி வந்துவிடும். தூரம் அதேதான். 11,080ஐ 900ஆல் பிரித்தால் 12.3 மணித்தியாலம், எதிர்க்காற்றில் வேகம் 800க்கு இறங்கினால் 13.9. நயினாதீவுக்கு வள்ளத்தில் போய் வந்த எவருக்கும் இதை விளக்கவேண்டிய தேவை இல்லை.

இப்போது உங்கள் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு வருவோம். டிக்கெட்டில் எழுதும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். இரவு 10 மணி என்பது எங்கள் மணிக்கூடு, காலை 9.30 என்பது கனடா மணிக்கூடு. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி, மாரியில் பத்தரை. அவர்கள் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். உங்கள் டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். டுபாய் வரை நாலே முக்கால், அங்கே இரண்டேகால் காத்திருப்பு, பிறகு பதினாலு. மொத்தம் 21 மணித்தியாலம். அம்மா ரொறன்ரோவில் காலை 9.30க்கு இறங்கும்போது கொக்குவிலில் இரவு 7 மணி, வீட்டில் விளக்கு வைத்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும்.

திரும்பி வரும்போது இந்த மாயம் மறுபக்கம் வேலை செய்யும். உதாரணமாகத் திங்கள் பிற்பகல் 2.30க்கு ரொறன்ரோவில் ஏறினால், டுபாய் வரை பன்னிரண்டே முக்கால், காத்திருப்பு மூன்றரை, பிறகு நாலேகால், கட்டுநாயக்காவில் செவ்வாய் இரவு 8.30. மணிக்கூட்டைப் பார்த்தால் 30 மணித்தியாலம், உண்மையில் இருபதரை. ஒரு சின்ன வித்தை சொல்கிறேன், எந்த ஊருக்கும் செல்லும். போகும்போது மணிக்கூடு காட்டும் வித்தியாசத்தையும் வரும்போது காட்டுவதையும் கூட்டி இரண்டால் பிரியுங்கள். 11.5உம் 30உம் 41.5, பாதி 20.75. நேர வலயம் ஒன்றும் தெரியாமலே சராசரிப் பயண நேரம் வந்துவிடும். இடையில் யாரும் மணிக்கூட்டை மாற்றாதிருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. எங்கள் ஊரிலும் அது நடந்திருக்கிறதே. 1996இல் அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அதே வருடம் அரை மணித்தியாலம் திரும்ப இழுத்து, 2006இல்தான் பழைய நேரத்துக்கு வந்தது. அந்தப் பத்து வருடமும் வன்னியில் பழைய நேரமே ஓடியது, “எந்த நேரம்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆக்கள் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார்கள்.

இடையில் காத்திருக்கும் நேரம், நாங்கள் ட்ரான்சிட் என்று சொல்வது, அதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஆகக் குறைந்த மொத்த நேரம் உள்ள டிக்கெட்டைத் தேடுபவர்கள் ஐம்பது நிமிட ட்ரான்சிட்டில் போய் விழுவார்கள். என் பெரியம்மாவை நானே அப்படி ஒரு டிக்கெட்டில் அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு, ஆனால் ஒரே டிக்கெட், கம்பனியே விற்கிறது, பிறகென்ன பயம் என்று நினைத்தேன். முதல் விமானம் நாற்பது நிமிடம் பிந்தியது. அவ இறங்கி, பஸ்ஸில் ஏறி, திரும்பவும் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிப் போட்டு, வாசலுக்குப் போனபோது அது பூட்டியாயிற்று. அடுத்த விமானம் பத்தொன்பது மணித்தியாலம் கழித்து. ஹோட்டல் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அதை அவவுக்கு விளங்கும் மொழியில் சொல்ல ஆள் இல்லை, கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி கதிரையிலேயே இருந்திருக்கிறா. குடும்பத்தில் இன்றைக்கும் அது என் பெயரில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வயதானவர்களுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்த ட்ரான்சிட் நான் போட்டதில்லை, மூன்று என்றால் இன்னும் நிம்மதி. ஐந்துக்கு மேல் போனால் கால் வீங்கும், அதுவும் வேண்டாம். உங்கள் அம்மாவுடையது இரண்டேகால், விளிம்பில்தான் இருக்கிறது. டிக்கெட் போடும்போதே வீல்செயார் கேட்டு எழுதிவிடுங்கள். காசு இல்லை, நடக்கமுடியாதவர்களுக்கு மட்டும் என்றும் இல்லை, ஒரு ஆள் கூடவே வந்து வாசல் வரை கொண்டுபோய் விடுவார். “எனக்கென்ன காலா இல்லை” என்று அம்மா கோபிப்பார். கோபிக்கட்டும்.

இன்னொன்று, இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று தனித்தனியாக வாங்கினால், முதலாவது பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பில்லை. வான்பரப்பு மூடுவதும் இப்போது அடிக்கடி நடக்கிறது. 2025 ஜூனில் கட்டார் சில மணித்தியாலம் தன் வானத்தை மூடியபோது எத்தனை விமானங்கள் வழி மாறின! ஒரே டிக்கெட்டில் இருந்தவர்களை மாற்றி அனுப்புவது கம்பனியின் கடமை.

இனிப் பலாலி. இந்தக் கேள்விக்காகத்தான் பதிலே எழுத உட்கார்ந்தேன். பலாலியிலிருந்து ரொறன்ரோவுக்கு நேர்க்கோடு 13,725 கிலோமீற்றர். இப்போது பலாலி - சென்னை 355, சென்னை - டெல்லி 1,760, டெல்லி - ரொறன்ரோ 11,640, கூட்டிப் பாருங்கள்: 13,755. வெறும் முப்பது கிலோமீற்றர்தான் கூட! தோடம்பழ நூலில் அப்படியே கோத்த மணி மாதிரி சென்னையும் டெல்லியும் வழியில் இருக்கின்றன. கட்டுநாயக்காவுக்குப் போவது என்றால் வடக்கே போகவேண்டிய நாங்கள் முதலில் 290 கிலோமீற்றர் தெற்கே, அதுவும் ரோட்டால் 370 அளவில், போய்விட்டுப் பிறகு அதே 290ஐத் திரும்ப மேலால் பறந்து வருகிறோம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டபோது அது இரத்மலானையில் கிளம்பிக் காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அந்தக் காங்கேசன்துறை விமான நிலையம் வேறில்லை, பலாலிதான். 2019 அக்டோபரில் திரும்பவும் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது, மறு வருடம் திருச்சிக்கும் விட்டார்கள்.

ஆனால் அம்மாவை அதனால் அனுப்பச் சொல்லமாட்டேன். சென்னையிலிருந்து டெல்லி உள்நாட்டு விமானம், ஆகவே சென்னையிலேயே இந்தியாவுக்குள் நுழையவேண்டும், இந்திய விசா வேண்டும், பெட்டிகளை எடுத்துச் சுங்கம் தாண்டித் திரும்பப் போடவேண்டும். கனடா டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி இரண்டு என்று இருந்தாலும் அந்தச் சிறிய விமானத்தில் அது செல்லும் என்று எண்ணவேண்டாம், அதன் எடைக் கணக்கு வேறு. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பருத்தித்துறை வடையும் இல்லாமல் ஒரு அம்மா கனடாவுக்குப் போவாவா? பலாலியில் விமானம் காற்றுக்கோ மழைக்கோ நின்றுவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டி வரலாம். சென்னையில் சொந்தக்காரர் இருந்து, இரண்டு நாள் தங்கி, வடபழனி முருகனையும் கும்பிட்டுவிட்டுப் போகிற இளம் ஆக்களுக்கு நல்ல வழி. தனியாகப் போகும் 68 வயதுக்காரிக்குக் கட்டுநாயக்காதான்.

அப்படியானால் உண்மையான நேரம் எவ்வளவு? விமானம் இரவு 10 மணிக்கு. மூன்று மணித்தியாலம் முந்தி, 7 மணிக்கு அங்கே நிற்கவேண்டும். வாகனம் வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று போக ஏழு மணித்தியாலம், சாப்பாடு, டயர், முறிகண்டியில் தேங்காய் உடைக்க என்று ஒன்றரை. ஆகக் காலை 10.30க்கு வெளிக்கிடவேண்டும். விமானம் ஏற முன்பே பதினொன்றரை மணித்தியாலம் போய்விட்டது. பிறகு 21. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் இரண்டு மணித்தியாலம், ஸ்காபறோ வீட்டுக்கு ஒன்று. மொத்தம் முப்பத்தைந்தரை. இதில் விமானத்துக்குள் இருப்பது பதினெட்டே முக்கால்தான், மிச்சம் முழுக்கத் தரை. நீங்கள் டுபாயா கட்டாரா என்று மண்டையை உடைத்து மிச்சம் பிடிக்கும் அரை மணித்தியாலம், புத்தளத்தில் ஒரு தேத்தண்ணியோடு போய்விடும். அதைவிட, இரவு முழுக்க வாகனத்தில் இருந்து விடியற்காலை விமானம் பிடிக்கும் டிக்கெட்டை விட்டுவிட்டு இப்படிப் பகலில் ஓடும் டிக்கெட்டாகப் பார்த்து எடுத்தீர்களே, அது நல்ல வேலை.

மகளிடம் சொல்லுங்கள், 9.30க்கு விமானம் இறங்குகிறது என்று 9.30க்கு வாசலில் நின்று பார்க்கிங்குக்குக் காசு கட்டவேண்டாம். 11 மணிக்கு வந்தால் போதும், குளிர்காலமென்றால் ஒரு தடித்த ஜக்கெட்டைக் கையில் கொண்டுவரட்டும்.